கியர்பாக்ஸைக் கழற்றுவதற்கு முன்

பட்டறைத் தபால்: வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஆட்டோமேட்டிக் கியர் எஸ்யூவி பற்றியவை. கோடை விடுமுறையில் ஊரே மலைக்கு வண்டியை ஏற்றியிருக்கிறது என்று தெரிகிறது. அதனால் டயர், ஏசி, மைலேஜ் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு கியர்பாக்ஸ் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மைலேஜ் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டு டன் எடையுள்ள வண்டியை வாங்கிவிட்டு மைலேஜ் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று நானும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

என்னுடையது 2017இல் வாங்கிய ஆறு கியர் ஆட்டோமேட்டிக் டீசல் எஸ்யூவி. 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 60, 70 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது வண்டி இரண்டு மூன்று நொடி படபடவென்று உதறுகிறது. அழுத்தி மிதித்தால் நின்றுவிடுகிறது. 'கியர்பாக்ஸை முழுதாகப் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும், இரண்டே கால் லட்சம் ஆகும்' என்கிறார்கள். செய்துவிடலாமா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பொள்ளாச்சி

இப்போதைக்கு வேண்டாம் ஐயா. உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. சீரான வேகம், லேசான மிதி, அழுத்தினால் உதறல் நிற்பது. இந்த மூன்றும் சேர்ந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்சைத்தான்.

கையால் கியர் மாற்றும் வண்டியில் கிளட்ச் தட்டு இருக்கும் இடத்தில், உங்கள் வண்டியில் எண்ணெய் நிரம்பிய கன்வெர்ட்டர் இருக்கிறது. என்ஜின் பக்கத்து இறக்கைகள் எண்ணெயை வீசுகின்றன. எதிர்ப்பக்கத்து இறக்கைகள் அந்த வேகத்தை வாங்கிக்கொண்டு சுழல்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அதனால்தான் கியரில் போட்டபடி சிக்னலில் நின்றாலும் என்ஜின் அணைவதில்லை. ஆனால் இடையில் எண்ணெய் மட்டுமே இருந்தால் எந்நேரமும் கொஞ்சம் வழுக்கல் இருக்கும், டீசலும் வீணாகும். எனவே வேகம் சீரானதும் உள்ளேயிருக்கும் சிறிய கிளட்ச் ஒன்று அழுந்தி இரு பக்கத்தையும் பூட்டிவிடும். எண்ணெய் பழசாகி, அதில் கலந்திருக்கும் உராய்வைச் சீர்செய்யும் ரசாயனம் தீர்ந்துபோனால், அந்தக் கிளட்ச் முழுதாகப் பிடிக்கவும் மாட்டாது, முழுதாக விடவும் மாட்டாது. பற்றுவதும் நழுவுவதுமாக மாறி மாறி அடிக்கும். அந்த அடிதான் உங்கள் இருக்கைக்கு உதறலாக வந்து சேருகிறது.

இதை உறுதிசெய்ய ஒரு காசும் செலவில்லை. கைதேர்ந்த மெக்கானிக் ஒருவரை ஓட்டச் சொல்லி, வெறிச்சோடிய நேரான சாலையில் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். உதறல் தொடங்கியதும் அவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல், இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட வேண்டும். பிரேக் தொட்ட செய்தி போனதும் பெரும்பாலான வண்டிகளில் கணினி லாக்-அப்பை விடுவித்துவிடும். ஆர்பிஎம் முள் சற்றே மேலே ஏறி, அந்த நொடியே உதறலும் நின்றால் குற்றவாளி பிடிபட்டுவிட்டது. நீங்களே செய்துபார்க்க வேண்டாம். பழக்கமில்லாத இடது கால் பிரேக்கைக் கிளட்ச் என்று நினைத்து ஓங்கி மிதித்துவிடும்.

பிரேக்கைத் தொட்டும் உதறல் நிற்கவில்லையா? அப்படியானால் கியர்பாக்ஸை விட்டுவிட்டு டீசலைப் பாய்ச்சும் இன்ஜெக்டரைப் பாருங்கள், என்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள், வண்டிக்கு அடியில் போகும் ப்ரொபெல்லர் ஷாஃப்டின் ஜாயிண்டைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். ஒரு சிலிண்டர் விட்டு விட்டு எரிந்தாலும் ஓட்டுபவருக்கு ஏறத்தாழ இதே உதறல்தான் தெரியும். மவுண்ட் ரப்பர் கிழிந்த வண்டிக்கு கியர்பாக்ஸ் ஓவர்ஹால் எழுதிக்கொடுத்த எஸ்டிமேட்டையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன்.

லாக்-அப்தான் என்று உறுதியானால் அடுத்த வேலை ஆயில். அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டியை, அதாவது ஆயில் பேனை, உங்கள் கண்முன் கழற்றச் சொல்லுங்கள். 'வாடிக்கையாளர் உள்ளே வரக்கூடாது' என்று சொல்லும் இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். புது ஆயில் பெரும்பாலும் கண்ணாடி மாதிரித் தெளிந்த சிவப்பு. ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ தாளில் விட்டுக் கொஞ்ச நேரம் பரவவிடுங்கள். சீராகப் பரவி, பழுப்பு கலந்த சிவப்பாக நின்றால் வயதான எண்ணெய், பயப்பட ஒன்றுமில்லை. நடுவில் கறுப்புப் பொட்டாகத் தேங்கி, ஓரத்தில் மட்டும் நிறம் விரிந்து, முகர்ந்தால் கருகிய வாடை அடித்தால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சு தேய்ந்து எண்ணெயில் கலந்துகொண்டிருக்கிறது.

பேனுக்குள் சின்னச் சின்னக் காந்தங்கள் ஒட்டியிருக்கும். அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில், விரலால் தேய்த்தால் மை போல் வழுவழுவென்று வரும் படிவு எல்லா வண்டியிலும் உண்டு. லட்சம் கி.மீ. ஓடியதன் கணக்கு அது. அதையே துணியில் வழித்துக் காட்டி 'பார்த்தீர்களா, இரும்பு உதிர்கிறது' என்று மிரட்டுவார்கள், மசியாதீர்கள். விரலில் குத்தும் சில்லுகள், பித்தளை நிறத் துகள், கறுப்பு நாராகக் கிடக்கும் பூச்சு, இவை கண்ணில் பட்டால்தான் ஓவர்ஹால் பேச்சுக்கே இடம்.

படிவு வழுவழுப்பாகத்தான் இருந்தது என்றால் ஃபில்டரை மாற்றி, உங்கள் வண்டியின் கையேட்டில் குறிப்பிட்ட அதே வகை ஆயிலை ஊற்றுங்கள். பேனைத் திறந்து வடித்தால் மொத்த எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கோ சற்றுக் கூடவோதான் வரும். மீதி கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். ஆகவே ஒருமுறை மாற்றி, சில நூறு கி.மீ. ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். மூன்றாவது முறையும் மாற்றினால் பெரும்பகுதி புதிதாகிவிடும். இயந்திரத்தை மாட்டி அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவும் முறையை, இதுவரை ஆயிலே மாற்றாத வண்டிக்கு நான் செய்வதில்லை. மூலையில் படிந்திருக்கும் கசடு கிளம்பி, எண்ணெயைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியின் மெல்லிய துளைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆயில் மாற்றிய பிறகு ஸ்கேனர் மூலம் கியர்பாக்ஸ் கணினியின் பழைய கற்றலை அழிக்கச் சொல்லுங்கள். கெட்ட எண்ணெய்க்கு ஏற்றபடி அது தன் அழுத்தத்தை மாற்றி மாற்றிப் பழகியிருக்கும். இவ்வளவும் செய்து ஆயிரம் கி.மீ. ஓடியும் உதறல் போகவில்லையென்றால் கன்வெர்ட்டரை மாற்ற வேண்டிவரலாம். அதற்கு கியர்பாக்ஸை வண்டியிலிருந்து இறக்கத்தான் வேண்டும். ஆனால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை. இறக்குவதற்கும் பிரிப்பதற்கும் உள்ள செலவு வித்தியாசத்தை எஸ்டிமேட்டில் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

எங்கள் வண்டியின் கியர்பாக்ஸ் ஆயில் வாழ்நாள் முழுவதும் வரும், மாற்றத் தேவையில்லை என்று ஷோரூமில் சொன்னார்கள். உண்மையா?
– பனியன் ஏற்றுமதியாளர், திருப்பூர்

கையேட்டை எடுத்து, 'கடுமையான பயன்பாடு' என்ற தலைப்பில் ஒரு சிறிய பகுதி இருக்கிறதா பாருங்கள். பல நிறுவனங்கள் சாதாரண ஓட்டத்துக்கு மாற்ற வேண்டாம் என்று எழுதிவிட்டு, அந்த மூலையில் வேறொரு கணக்கைக் கொடுத்திருக்கும். நெரிசலில் ஊர்வது, மலை ஏறுவது, அதிக வெயில், தூசி, பாரம் இழுப்பது எல்லாம் கடுமையான பயன்பாடு. திருப்பூரில் சித்திரை வெயிலில், மாலை ஷிஃப்ட் விடும் நேரத்தில் வண்டி ஓட்டும் உங்களைச் சாதாரணப் பயன்பாட்டில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

பல விலையுயர்ந்த எஸ்யூவிகளுக்கு கியர்பாக்ஸ் செய்துகொடுக்கும் ஜெர்மன் நிறுவனம் இசட்எஃப். அதன் கியர்பாக்ஸைப் பொருத்திய கார் நிறுவனங்கள் சில 'வாழ்நாள் ஆயில்' என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே, அந்நிறுவனத்தின் குறிப்பு ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 ஆண்டுக்குள் மாற்றச் சொன்னது. செய்தவன் மாற்று என்கிறான், விற்பவன் வேண்டாம் என்கிறான். நான் செய்தவன் பக்கம். நம் ஊர் ஓட்டத்துக்கு 60,000 முதல் 80,000 கி.மீ.க்கு ஒருமுறை வடித்து ஊற்றுங்கள். கையேடு அதற்கும் முன்னால் சொன்னால் கையேட்டைக் கேளுங்கள்.

கியர்பாக்ஸைக் கொல்வது ஓட்டிய தூரத்தைவிட வெப்பம்தான். ஆயில் 80, 90 டிகிரி செல்சியஸில் இருக்கும்வரை நீண்ட காலம் உழைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகிறது என்பது தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. சூடு அளவு மீறினால் ரப்பர் சீல்களும் இறுகி வெடிக்கத் தொடங்கும்.

சிலர் 'எண்ணெய் எண்ணெய்தானே' என்று கையில் கிடைத்ததை ஊற்றுகிறார்கள். இந்த எண்ணெய் ஒரே நேரத்தில் வழுக்கவும் வேண்டும், தட்டுகள் அழுந்தும்போது பிடிக்கவும் வேண்டும். அந்தக் குணத்துக்காக 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயை இதில் கலந்தார்கள். திமிங்கில வேட்டைப் பொருள்களுக்குத் தடை வந்த பிறகு, அந்த இடத்தை நிரப்ப ரசாயனக் கம்பெனிகள் படாத பாடு பட்டன. அவ்வளவு நுணுக்கமான பொருளுக்குப் பதிலாக, லிட்டருக்கு நூறு ரூபாய் குறைகிறது என்று வேறு வகையை ஊற்றாதீர்கள். சிவிடி வண்டிக்கு, அதாவது படிப்படியான கியர் இல்லாமல் பட்டையில் ஓடும் வகைக்கு, அதற்கென்றே தனி ஆயில். அதில் சாதாரண ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை (ஏடிஎஃப்) ஊற்றினால் உள்ளேயிருக்கும் எஃகுப் பட்டை வழுக்கிப் பெரும் செலவு வைத்துவிடும்.

கல்யாண மண்டபத்தில் வண்டியை நிறுத்தினேன். திரும்பி வந்து பார்த்தால் லீவர் பி-யிலிருந்து (பார்க்கிங்) நகரவே இல்லை. ரெக்கவரி வண்டி வரவழைத்துத்தான் எடுத்தோம். கியர்பாக்ஸ் போய்விட்டதா?
– பல் மருத்துவர், நாமக்கல்

அநேகமாக இல்லை. பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லையென்றால் கோளாறு அங்கேதான். பிரேக்கை மிதித்தால் மட்டுமே லீவரின் பூட்டு விலகும்படி அமைத்திருக்கிறார்கள். மிதித்த செய்தியைக் கொடுப்பது பெடலின் மேற்புறத்தில் இருக்கும் ஒரு சிறிய சுவிட்ச். அதுவோ, பிரேக் விளக்கின் ஃப்யூஸோ போனால் கியர்பாக்ஸ் புத்தம் புதிதாக இருந்தாலும் லீவர் அசையாது. பொத்தான் ஸ்டார்ட் வண்டியாக இருந்தால் என்ஜினும் கிளம்ப மறுக்கலாம். வாங்கிய மறுநாளே கூடுதல் விளக்கும் ஹாரனும் மாட்டி ஒயரை நடுவில் வெட்டிச் சேர்த்த வண்டிகளில் இந்த ஃப்யூஸ் அடிக்கடி போகும். உங்களுடையதில் அப்படி ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா?

நடுவழியில் மாட்டிக்கொண்டால் ஒரு வழி உண்டு. பல வண்டிகளில் லீவர் பக்கத்தில் நகக்கண் அளவு மூடி ஒன்று இருக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மூடியை நெம்பி எடுத்து, உள்ளே சாவியால் அழுத்திக்கொண்டே லீவரை என்-னுக்கு (நியூட்ரல்) நகர்த்தலாம். பிறகு பிரேக் விளக்கு இல்லாத வண்டி என்பதை மறக்காமல் மெதுவாகப் பட்டறைக்கு வந்துசேருங்கள். லீவருக்குப் பதில் திருகியோ பொத்தானோ உள்ள வண்டிகளில் இந்த மூடி இருக்காது.

விளக்கு சரியாக எரிந்தது, மண்டபத்தில் நிறுத்திய இடமும் சரிவு என்றால் கதை வேறு. ஹேண்ட் பிரேக் போடாமல் நேராக பி-யில் தள்ளிவிட்டுக் காலை எடுத்தால், வண்டியின் முழு எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் விரல் அளவுள்ள ஒரு கொக்கியின் மேல் சாய்ந்துகொள்ளும். பிறகு லீவர் கல்லாகிவிடும். பலமாக இழுத்தால் 'டங்' என்று ஒரு சத்தத்தோடு விலகும். அந்தச் சத்தம் கேட்க நன்றாக இல்லை, உள்ளே நடப்பதும் நன்றாக இல்லை. சரிவில் நிறுத்தும்போது முதலில் பிரேக்கில் கால், பிறகு என், பிறகு ஹேண்ட் பிரேக், காலை எடுத்து வண்டி அதில் அமர்ந்துவிட்டதா என்று பார்த்து, மறுபடி மிதித்துக் கடைசியாக பி.

வால்பாறை ஏறும்போது பாதி வழியில் கருகிய வாடை வந்தது. கியர்பாக்ஸ் சூடாகிவிட்டதாக எச்சரிக்கையும் எரிந்தது. வண்டியில் ஏழு பேர், மேலே கேரியரில் பெட்டிகள். இறங்கும்போது டீசல் மிச்சமாகட்டும் என்று கணவர் நியூட்ரலில் விடுகிறார். சரிதானா?
– ஆசிரியை, தாராபுரம்

உங்கள் கணவரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள் அம்மா.

ஏற்றத்தில் நடந்தது இதுதான். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் அரசு பஸ், பின்னால் நீங்கள். பஸ் வளைவில் நிற்கும். நீங்களும் நிற்பீர்கள், பிரேக்கில் அல்ல, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டி பின்னால் உருளாமல் பிடித்துக்கொண்டு. அப்போது கன்வெர்ட்டரின் ஒரு பக்கம் சுழல்கிறது, மறுபக்கம் நிற்கிறது. என்ஜின் கொடுக்கும் சக்தி முழுவதும் நடுவிலிருக்கும் எண்ணெயைக் காய்ச்சுவதற்கே போகிறது. காற்றும் வீசாது, வேகமும் இல்லை. ஏழு பேரின் எடையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் பிரேக்கில் நில்லுங்கள். டி-யிலேயே (டிரைவ்) விட்டுவைத்தால் கணினி மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையே அலைபாயும்; கைமுறை நிலைக்கு மாற்றி இரண்டாவது கியரில் நிறுத்திக்கொள்ளுங்கள். பஸ்ஸை விட்டு நன்றாகப் பின்தங்கி, நிற்காமல் ஒரே சீராக ஏறுவது அதைவிட நல்லது. எச்சரிக்கை எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரம்கட்டி, பி-யில் போட்டு, என்ஜினை அணைக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். பலரும் பதறிப்போய் அணைத்துவிடுகிறார்கள். என்ஜின் ஓடினால்தான் பம்ப் எண்ணெயைக் குளிர்விப்பானுக்கு அனுப்பும். அணைத்தால் சூடு இருந்த இடத்திலேயே தங்கிவிடும். கருகிய வாடை வந்த வண்டிக்கு, ஊர் திரும்பியதும் மேலே தலைமையாசிரியருக்குச் சொன்ன டிஷ்யூ சோதனையைச் செய்துவிடுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரல் கூடவே கூடாது. என்ஜின் பிடிமானம் போய்விடும், மொத்த எடையும் பிரேக்கின் தலையில் விழும், பிரேக் அளவு மீறிச் சூடானால் மிதித்தாலும் பிடிக்காது. டீசல் மிச்சமாகும் என்பதும் தப்புக் கணக்கு: இக்கால வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால், சரிவில் இறங்கும்போது டீசல் பாய்ச்சுவதையே கணினி நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் அணையாமலிருக்க டீசல் செலவாகிறது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

என் வண்டியும் ஆட்டோமேட்டிக் எஸ்யூவிதான். நெரிசலில் ஊர்ந்து போகும்போது துள்ளுகிறது. நீங்கள் ஆயில் மாற்றச் சொல்வீர்களா?
– வங்கி ஊழியர், சேலம்

தம்பி, எந்த வண்டி என்று எழுதவில்லையே! 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு இயந்திரங்கள் விற்பனையாகின்றன. 2020இல் வந்த ஹூண்டாய் கிரெட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். டீசலில் டார்க் கன்வெர்ட்டர், சாதாரண பெட்ரோலில் ஐவிடி என்ற சிவிடி வகை, டர்போ பெட்ரோலில் இரட்டைக் கிளட்ச். மூன்றுக்கும் ஓட்டும் முறையும் வேறு, வரும் நோயும் வேறு.

லீவரில் பி என்ற எழுத்தே இல்லையென்றால் உங்களுடையது பெரும்பாலும் ஏஎம்டி. அது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் உங்களுக்குப் பதிலாக மோட்டார் இயக்குகிறது. ஊர்ந்து போனால் அது அரைக் கிளட்சில் ஓட்டுவதற்குச் சமம். தட்டு தேயும், துள்ளும். முன்வண்டியை ஒட்டியே நகராமல், நாலைந்து மீட்டர் இடைவெளி விழுந்த பிறகு ஒரேயடியாக நகருங்கள். எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் கொண்ட இரட்டைக் கிளட்ச் வண்டிக்கும் இதே அறிவுரைதான். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் பிடித்து நிறுத்துவது கன்வெர்ட்டர் வண்டிக்குக் கெடுதல் என்றால், இவை இரண்டுக்கும் அது மரண தண்டனை. வண்டியின் பெயர், ஆண்டு, பெட்ரோலா டீசலா என்று எழுதி மறுபடி அனுப்புங்கள்.

மூன்று மாதம் முன்பு பழைய எஸ்யூவி ஒன்று வாங்கினேன். டி-யில் போட்டால் மூன்று நான்கு நொடி கழித்துத்தான் நகர்கிறது. பார்த்தபோது கியர்பாக்ஸ் ஆயில் ரோஸ் மில்க் நிறத்தில் இருக்கிறது.
– மென்பொருள் பொறியாளர், பள்ளிக்கரணை

இனி அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பட்டறைக்குக்கூட ஓட்டிப்போக வேண்டாம், ஏற்றிக்கொண்டு போங்கள்.

ரோஸ் மில்க் என்றால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. வருவதற்கு இரண்டு வழி. ஒன்று, வெள்ளம். கியர்பாக்ஸ் மூச்சு விட மேலே ஒரு சிறு குழாய் வைத்திருப்பார்கள். சூடான வண்டி சடாரென்று தண்ணீரில் நின்றால் உள்ளே காற்று சுருங்கி, அந்தக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் உங்களுடையது. வண்டி அப்போது எங்கே நின்றது என்று விசாரியுங்கள். இருக்கைக்கு அடியில் தரைவிரிப்பைத் தூக்கினால் வண்டலும், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக் கறையும் தெரியலாம்.

இரண்டாவது வழி ரேடியேட்டர். பல வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாயை ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அது உள்ளுக்குள் வெடித்தால் கூலண்டும் ஆயிலும் கலந்துவிடும். அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரை வந்த நிசான் பாத்ஃபைண்டர் எஸ்யூவிகளில் இதே கோளாறு பரவலாக வந்து, உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு இழப்பீட்டு ஒப்பந்தம் வரை போனது. உங்கள் கூலண்ட் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் இந்த வழிதான். ரேடியேட்டரை மாற்றாமல் கியர்பாக்ஸில் கை வைத்தால் செலவழித்ததெல்லாம் திரும்பவும் கெடும்.

இதில் ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்றால், உள்ளேயிருக்கும் தட்டுகளின் உராய்வுப் பூச்சு ஒருவகைக் காகிதம். பசை போட்டு இரும்புத் தட்டில் ஒட்டியிருக்கிறார்கள். எண்ணெயில் ஊறினால் அதற்கு ஒன்றும் ஆகாது. தண்ணீரிலோ கூலண்டிலோ ஊறினால் பசை விட்டு உரிந்துவிடும். கலந்து ஓரிரு நாளுக்குள் கண்டுபிடித்தால் கழுவிப் பல முறை ஆயில் மாற்றிப் பிழைக்க வைக்கலாம். உங்களுக்கு நகர்வதே தாமதமாகிவிட்டதால், தட்டு, சீல், கன்வெர்ட்டர் மூன்றும் மாற்ற வேண்டிவரும் என்றே நினைக்கிறேன். இந்த இதழில் நான் ஓவர்ஹாலுக்குச் சம்மதிக்கும் ஒரே வண்டி உங்களுடையதுதான். முடித்ததும் ரேடியேட்டருக்கு முன்னால் தனி ஆயில் கூலர் ஒன்றை மாட்டிவிடுங்கள்.

பழைய ஆட்டோமேட்டிக் வாங்கப்போகும் மற்றவர்களுக்கு ஒன்று. விற்பவர் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள், மறுநாள் காலை போங்கள். குளிர்ந்த என்ஜினில் பிரேக்கை மிதித்தபடி பி-யிலிருந்து ஆர் (ரிவர்ஸ்), ஆரிலிருந்து டி என்று மாற்றிப் பார்த்தால், ஒன்றிரண்டு நொடிக்குள் வண்டி மெல்ல அமர்வது தெரிய வேண்டும். அதன்பிறகு அரை மணி நேரம் ஓட்டிச் சூடேறியதும் அதையே மறுபடி செய்யுங்கள். சூடேறியபின் மட்டும் தாமதம் வந்தால் உள்ளே சீல் தேய்ந்திருக்கலாம்.

பேட்டரி இறங்கிய ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?
– மாணவர், காரைக்குடி

முடியாது. கியர் பிடிக்க எண்ணெய் அழுத்தம் வேண்டும். அழுத்தம் கொடுக்கும் பம்பை என்ஜின்தான் சுற்ற வேண்டும். அதே காரணத்தால், நின்றுபோன ஆட்டோமேட்டிக்கைக் கயிறு கட்டி நெடுந்தூரம் இழுக்கவும் கூடாது. உள்ளே எண்ணெய் ஓடாமல் பாகங்கள் வெறுமனே உரசும். நான்கு சக்கரமும் தரையைத் தொடாத பிளாட்பெட் வண்டியில் ஏற்றுங்கள்.

வண்டி திடீரென்று மூன்றாவது கியருக்கு மேல் போகவில்லை. ஸ்கேனரில் பி0700 வந்தது. கியர்பாக்ஸ் கணினியை மாற்ற வேண்டும் என்கிறார்கள். அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. வாரம் ஒருமுறை மறுபடி வருகிறது.
– மருந்துக்கடை உரிமையாளர், மதுரை

பி0700 நோயின் பெயரே அல்ல. 'கியர்பாக்ஸ் கணினியிடம் ஒரு புகார் பதிவாகியிருக்கிறது' என்று என்ஜின் கணினி தரும் தகவல், அவ்வளவுதான். புகார் என்ன என்பதை கியர்பாக்ஸ் கணினிக்குள் போய்ப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். அங்கே பி0741 இருந்தால் லாக்-அப் பிடிக்கவில்லை, பி0730 இருந்தால் கியர் விகிதம் தப்பாக வருகிறது, அதாவது எங்கோ வழுக்குகிறது, பி0218 இருந்தால் சூடு. எது என்று தாளில் எழுதி வாங்குங்கள். ஒரே கியரில் நின்றுகொள்வது கணினி தன் கியர்பாக்ஸைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. அது உயிரோடு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

விட்டு விட்டு வருவதும் அணைத்தால் சரியாவதும் மின்சாரக் கோளாறின் குணம். பேட்டரிக்கு என்ன வயது? ஓய்வில் 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது 14 வோல்ட் பக்கம் இருக்கிறதா? ஸ்டார்ட் செய்யும் நொடியில் 10க்குக் கீழே விழுகிறதா? கியர்பாக்ஸிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டையின் போல்ட்டில் பச்சைப் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா? கியர்பாக்ஸ் பக்கவாட்டில் உள்ள ஒயர் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே சிவப்பு எண்ணெய் ஊறியிருக்கிறதா? இவை எல்லாவற்றையும் ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிடலாம். அதற்குள் கணினிக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், இன்றே போய்த் திரும்பக் கேளுங்கள். ஆர்டர் போட்டபின் தரமாட்டார்கள்.